அம்மாவுக்கு அலுக்காத பீடி, எனக்கு அலுக்கும் கட்டம்

ஆலங்குளத்தான் (வெள்ளி, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் கிடந்து அரிக்கிற விஷயம் இது. சிரிக்காமல் படியுங்கள்.

என் வேலை என்னவென்றால், திரையில் ஒரு தெருப்படம் வரும். அதிலுள்ள கார், பைக், நடந்து போகிற ஆள், நாய், எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். போட்டு முடித்தால் அடுத்த படம். தானாக ஓடும் கார்களுக்குக் கண் பழக்கிக் கொடுக்கிற வேலையாம். ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்குள் ஐந்தாறு தடவை போனை எடுத்துவிடுகிறேன். பன்னிரண்டு மணிக்குத் தலைக்குள் ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும். தூக்கமும் இல்லை, களைப்பும் இல்லை. சும்மா எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா நடையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். முப்பது வருடமாக இதே வேலைதான். வெட்டின இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நூலைச் சுற்றி ஒரு கட்டு, முனையை மடக்கு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். அவள் “சலிப்பா இருக்கு” என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு ஏசி, நாற்காலி, மாதச் சம்பளம் எல்லாம் இருந்தும் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை.

இது பிறவிக் குணமா? இல்லை, கட்டாயம் வந்தால் எல்லோருக்கும் வந்துவிடுமா? “உங்க காலத்துப் பயலுகளுக்குப் பொறுமை கெடையாது” என்று பெரியப்பா சொல்வதை மட்டும் இங்கே யாரும் திருப்பிச் சொல்ல வேண்டாம். அது வீட்டிலேயே கிடைக்கிறது.

தாழையூத்து (இரவு 9.31)

வயிறு காய்ந்தால் அலுப்பு வராது தம்பி. அவ்வளவுதான். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

மேலப்பாளையம் பேத்தி (இரவு 10.05)

மூட வேண்டாம் அண்ணாச்சி. வயிறு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் காய்ந்தது. ஆனாலும் அலுப்பு ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

எங்கள் உம்மாவும் பெரியம்மாவும் ஒரே முற்றத்தில், ஒரே கடையின் இலையைச் சுற்றியவர்கள். உம்மாவுக்குப் பேச்சு வேண்டும். பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டு லாத்தா என்று நாலு பேர் கூடினால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஆயிரத்தை முடித்துவிடும். யாரும் வராத நாளில் அறுநூறைத் தாண்டாது. அன்றைக்குத்தான் இடுப்பு வலிக்கும், இலை காய்ந்து போயிருக்கும், நூல் அறுந்து அறுந்து போகும். பெரியம்மா நேர் எதிர். ஆள் வந்து பேசினால் கை தப்பும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே எதையோ ஓதிக்கொண்டு சுற்றும். ஒரு நாள் நான் “என்ன நெனச்சிக்கிட்டிருக்கிய?” என்று கேட்டேன். “ஒண்ணும் நெனைக்கல, அதான் சொகமா இருக்கு” என்றது.

கூடப்பிறந்த இரண்டு பேர்தான். ஒருத்தருக்குத் தனிமை அலுப்பு, இன்னொருத்தருக்குக் கூட்டம் அலுப்பு.

பாளை டீச்சர் (சனி, காலை 6.48)

நான் உளவியல் பாடம் எடுக்கிறவள். விடுமுறை நாளில் இதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

மேலப்பாளையத்துப் பிள்ளை சொன்னதற்கு ஐசென்க் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார். கலகலப்பான ஆட்களின் மூளை இயல்பிலேயே கொஞ்சம் மந்தமான விழிப்பில் இருக்குமாம். அதனால் வெளியிலிருந்து சத்தம், பேச்சு, மாற்றம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளடங்கிய ஆட்களுக்கு உள்ளேயே போதுமான விழிப்பு இருக்கிறது. மேலே கொட்டினால் வழிந்துவிடும். உம்மாவும் பெரியம்மாவும் ஒரு பாடநூல் பக்கம் மாதிரி இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1913-லேயே மூன்ஸ்டர்பெர்க் என்ற உளவியலாளர் ஒரு தொழிற்சாலையில் பார்த்த பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். மின்விளக்குகளை மெல்லிய தாளில் சுற்றுவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. ஒரு நாளைக்கு 13,000 விளக்கு, பன்னிரண்டு வருடமாக. அதாவது சுமார் ஐந்து கோடி விளக்கு. ஆயிரம் பீடி எங்கே, இது எங்கே! “அலுக்கவில்லையா?” என்று கேட்டால், வேலை உண்மையிலேயே சுவாரஸ்யமாக இருக்கிறது என்றாராம். தினமும் விதவிதமான வேலை பார்க்கிற வேறு சிலரோ ஒரே மாதிரி இருக்கிறது என்று மூன்ஸ்டர்பெர்க்கிடம் புலம்பினார்களாம். பார்க்கிற கண்ணுக்குத் தெரிகிற அலுப்பு வேறு, செய்கிற கைக்குத் தெரிகிற அலுப்பு வேறு என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

பிறகு 1955-இல் பட்ரீசியா ஸ்மித் என்பவர் அமெரிக்காவில் ஒரு பின்னலாடை ஆலையில் வேலை செய்த பெண்களை ஆராய்ந்தார். யாருக்கு அதிகம் அலுக்கிறது என்று பார்த்தால், வயதில் இளையவர்கள், ஓய்வு நேரத்திலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவர்கள், தினசரி வாழ்க்கையே ஒரே ஒழுங்கில் இருப்பது பிடிக்காதவர்கள், வீட்டு வாழ்க்கையில் நிறைவில்லாதவர்கள். அதாவது ஆலையில் தெரிகிற அலுப்பில் பாதி, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்தது. 1986-இல் ஃபார்மர், சண்ட்பெர்க் என்ற இருவர் இதை அளக்கவே 28 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். சிலருக்குச் சளி சீக்கிரம் பிடிக்கிற மாதிரி சிலருக்கு அலுப்பு சீக்கிரம் பிடிக்கும் என்பது அதற்கு அடிப்படை.

ஆலங்குளத்துத் தம்பி, “இளையவர்கள்” என்று சொன்னதால் பெரியப்பா கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தப் பெரியப்பாவுக்கும் ஒரு காலத்தில் இருபத்திரண்டு வயதுதான்.

பணகுடிக் காற்று (காலை 8.20)

டீச்சர், ஒரு சந்தேகம். அந்த விளக்கு சுற்றுகிற அம்மாவிடம் யார் கேட்டது? கோட்டு சூட்டு போட்ட ஒரு பேராசிரியர். பக்கத்தில் நின்றவர் அநேகமாக மேலாளர். அந்த இடத்தில் “அலுக்குதுய்யா” என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நம் தம்பியும் அம்மா அலுத்துப் பார்த்ததில்லை என்கிறாரே தவிர, கேட்டுப் பார்த்தேன் என்று எழுதவில்லை.

இனி என் கதை. நான் மின்சாரம் எடுக்கிற காற்றாடிகளைக் கண்காணிக்கிற அறையில் இரவு ஷிப்டு. திரையில் வரிசையாகப் பச்சைப் பச்சையாக இருக்கும். ஏதாவது ஒன்று சிவப்பானால் போன் போட வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது வேலை பறக்கும். மணி போவது தெரியாது. தை, மாசியில் பாதி மிஷின் தூங்கும், நான் தூங்கக் கூடாது. உலகத்திலேயே கொடுமையான வேலை எதுவும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். பீடியில் கை ஓடுகிறது, மனசு விட்டு விடுதலை. எனக்கு மனசைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், தின்னக் கொடுக்கவில்லை.

நான் சுபாவத்தில் பேசாமடந்தை. பெரியம்மா ஜாதி. அப்படிப்பட்ட எனக்கே இப்படி.

பாளை டீச்சர் (காலை 9.02)

நியாயமான குத்து, ஒத்துக்கொள்கிறேன். அங்கே யார் நின்றார்கள் என்பதை நானும் யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் திரைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்த்த ஆட்கள் நேரமாக ஆக எதிரியின் நீர்மூழ்கிகளைத் தவறவிடுகிறார்கள் என்பதை நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். எண்கள் இல்லாத கடிகாரம், ஒரே ஒரு முள். ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரை மணி முடியும்போதே தவறவிடுவது கூடிவிட்டது. 1948-இல் வெளியான முடிவு. நல்லவன், சோம்பேறி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தம்பியின் கட்டம் போடுகிற வேலை உங்கள் வேலைக்கு அக்கா மகன். கண்ணை எடுக்கவும் முடியாது, கண்ணுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவும் செய்யாது.

அல்வாக் கரண்டி (காலை 11.15)

நானும் ஒரே வேலைதான், கிண்டுவது. ஆனால் அலுக்காது. முந்தின நாள் எடுத்து வைத்த கோதுமைப்பால் சட்டியில் ஏறினதிலிருந்து நெய் பிரிகிற வரைக்கும் அது ஒரு நிமிடம் இருந்த மாதிரி அடுத்த நிமிடம் இருக்காது. கொப்புளம் மாறும், நிறம் மாறும், கரண்டி கனக்கும். கொஞ்சம் அசந்தால் அடிபிடிக்கும். கை ஒன்றையே செய்கிறது, சட்டி ஒன்றையே செய்யவில்லை. கட்டம் போடுகிற தம்பிக்குச் சட்டி கிடையாது, அதான் பிரச்சினை.

தீபாவளி சீசன் வேண்டாம், அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

தாழையூத்து (பகல் 12.40)

எல்லாம் சரி. ஆனால் காசை விட்டுவிட்டீர்களே! தம்பிக்கு மாதச் சம்பளம், போட்டாலும் போடாவிட்டாலும் முதல் தேதி வந்துவிடும். அம்மாவுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. சுற்றினால்தான் உண்டு. தம்பிக்கும் படத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பாருங்கள், ஈயும் மொய்க்காது கொசுவும் மொய்க்காது.

பழைய சங்கத்துக்காரன் (பகல் 1.25)

வே தாழையூத்து, நீர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. இங்கிலாந்தில் 1920-களிலும் 30-களிலும் வயட் என்பவரும் கூட்டாளிகளும் ஆலை ஆலையாகப் பார்த்து, எண்ணிக்கைக் கூலி உள்ள இடத்தில் அலுப்பு குறைவு என்று எழுதினார்கள். பழைய சங்க வகுப்பில் படித்தது.

ஆனால் எண்ணிக்கைக் கூலி என்ன செய்யும் என்பதை முக்கூடல் பக்கம் வந்து பாரும். தண்ணீர் குடிக்க எழுந்தால் நாலு பீடி போச்சு என்று ஒன்றுக்குப் போவதையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அலுப்பை உணரக்கூட நேரம் இல்லாமல் செய்துவிட்டு, “பாத்தீரா, அலுக்கவே இல்லை” என்றால் எப்படி? வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று சட்டம் ஏற்றுக்கொண்டதே 1966-இல்தான்.

இன்னொன்று. பெண்கள் அலுத்துப்போய் உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் இல்லை, கடையில் சரக்கைக் கொடுக்கிற வரிசையில். ஒருவன் கட்டைப் பிரித்து, விரலால் நாலைத் தள்ளி, “கழிவு” என்பான். ஏன் கழிவு என்று சொல்ல மாட்டான். அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு இலையைத் தொடவே பிடிக்காது. உழைப்பு வீணாகிறது என்று தெரிந்தால் எந்தக் குணமும் தாங்காது.

பத்தமடை மருமகள் (மாலை 4.50)

நான் கேரளத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். பாய் நெசவு மாமியார் சொல்லிக் கொடுத்தது. கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பாவு நூலுக்குள் நுழைத்து அடிக்க வேண்டும். மெல்லிய நைஸ் பாய் என்றால் விரல் அளவு நெய்யவே எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தால் உங்களுக்குப் பொறுமை போய்விடும். முதல் மழைக்காலத்தில் கோரைக்கட்டைப் பார்த்தாலே கண்ணீர் வரும். எனக்குக் குணமே போதாது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் ஒரு கல்யாணப்பாய் வந்தது. மாப்பிள்ளை பேர், பெண் பேர் நெய்ய வேண்டியது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதே கோரை, அதே பாவு, அதே நான். பெண் பேரின் முதல் எழுத்து வந்ததும் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சோறு வைக்க மறந்துபோய் ஏச்சு வாங்கினேன். அது முடிந்து மறுபடி சாதாக் கோடு போட்ட பாய் வந்தது, மறுபடி கண் சொக்கியது.

மாமியாருக்கு இரண்டும் ஒன்றுதான். சாதாப் பாயையும் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்க்கும். யார் விரிக்கப் போகிறார்களோ தெரியாது. “ஓரம் கோணினா நான் கோணின மாரி” என்று சொல்லும். அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

பாளை டீச்சர் (மாலை 5.40)

மருமகளே, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 1928-இல் பெர்லினில் அனீத்ரா கார்ஸ்டன் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. ஆட்களைக் கூப்பிட்டுத் தாளில் கோடு கோடாக இழுக்கச் சொன்னார், அல்லது ஒரே கவிதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். முதலில் ஒழுங்காகச் செய்வார்கள். பிறகு வகை மாற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் தப்பு வரும், கடைசியில் “முடியவே முடியாது, கை மரத்துப்போயிற்று” என்பார்கள். அந்த நேரத்தில், “சரி, உங்கள் பேரும் முகவரியும் எழுதிக் கொடுங்கள்” என்பாராம். மரத்துப்போன கை சுகமாக எழுதும். தொண்டை கட்டிவிட்டது என்றவர், அந்த வேலையைப் பற்றிப் புகார் சொல்லும்போது தெளிவான குரலில் சொல்வார்! கை களைக்கவில்லை, காரணம்தான் தீர்ந்துபோயிருந்தது.

1992-இல் கரோல் சான்சோனும் உடனிருந்தவர்களும் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். எழுத்துகளைப் பார்த்து எழுதுகிற அலுப்பான வேலை. அதைச் செய்வதால் நன்மை உண்டு என்று காரணம் கொடுக்கப்பட்டவர்கள் சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவில்லை. வேலையையே கொஞ்சம் மாற்றி மாற்றிச் சுவை ஏற்றிக்கொண்டார்கள். ஊக்கம் அலுப்பை விரட்டவில்லை, அலுப்போடு மல்லுக்கட்டுகிற வழியைத் தேட வைத்தது. மாமியார் ஓரத்தைத் தடவுவது அதுதான் என்பது என் கணக்கு.

குணம் பெரிதா, ஊக்கம் பெரிதா என்றால், நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். குணம் எவ்வளவு சீக்கிரம் அலுக்கும் என்பதைச் சொல்லும். அலுத்த பிறகு என்ன செய்வோம் என்பதை அது சொல்லாது. பணகுடியார் வேலையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே ஆளை மாற்ற வேண்டாம், ஷிப்டை மாற்ற வேண்டும்.

பணகுடிக் காற்று (மாலை 6.03)

இதை அப்படியே பிரிண்டு போட்டு எங்கள் சூப்பர்வைசர் மேஜையில் வைக்கப் போகிறேன்.

ஆலங்குளத்தான் (திங்கள், இரவு 10.30)

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டுவிட்டேன். பணகுடி அண்ணாச்சி குத்தின குத்து அப்படி.

பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொடுத்துக்கொண்டே, “உனக்கு இது அலுக்கவே செய்யாதாம்மா?” என்றேன். கையை நிறுத்தாமல் சொன்னாள். பன்னிரண்டு வயதில் பழகும்போது அழுதிருக்கிறாள். சின்னாச்சி கத்தரிக்கோலாலேயே முட்டியில் தட்டுமாம். கை பழகினதும் அழுகை நின்றது. அப்புறம் ஒவ்வொரு நாளும் கட்டுகளைப் பிரித்துப் பேர் வைத்துக்கொள்வாளாம். காலையில் சுற்றுகிற முதல் பத்துக் கட்டு குழுக் கடனுக்கு. அடுத்த எட்டு அரிசிக்கு. சாயங்காலம் சுற்றுகிறதெல்லாம் எனக்கும் தங்கச்சிக்கும் பீஸ். “ஒன் காலேசு பீஸு எந்தக் கட்டுல தீந்துதுன்னு எனக்குத் தெரியும்ல” என்றாள்.

பிறகு இதைச் சொன்னாள்: “அலுக்குதுய்யா. ரெண்டு வருசமா அலுக்குது. நீ வேலைக்குப் போன பெறகுதான். இப்ப அந்தக் கட்டுக்கெல்லாம் பேரு இல்ல பாரு.”

நான் இலையைக் கோணலாக வெட்டிவிட்டேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

தாழையூத்து (இரவு 10.41)

இழையை மூடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் தம்பி.

அம்மாவை நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?

ஆலங்குளத்தான் (இரவு 10.55)

சொன்னேன். “நிறுத்திட்டு? செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?” என்று கேட்டாள்.

பாளை டீச்சர் (இரவு 11.10)

அவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 2014-இல் டிமோதி வில்சன் குழுவினர் ஆட்களைத் தனி அறையில் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். அழுத்தினால் ஷாக் அடிக்கிற ஒரு பொத்தான் மட்டும் அறையில் இருந்தது. ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் தாங்களாகவே அழுத்திக்கொண்டார்கள். ஒரு புண்ணியவான் 190 தடவை அழுத்தினான்.

அல்வாக் கரண்டி (இரவு 11.14)

அந்த ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்து எங்கள் கடைக்கு அனுப்புங்கள்.

பழைய சங்கத்துக்காரன் (செவ்வாய், காலை 7.30)

அம்மா சரி. உம்ம வேலை என்ன ஆயிற்று? அதைக் கேட்கத்தானே இழை தொடங்கினீர்?

ஆலங்குளத்தான் (செவ்வாய், இரவு 9.45)

அம்மா வழியில் ஒன்று செய்து பார்த்தேன். இருபத்தைந்து படம் ஒரு கட்டு. கட்டு முடிந்தால் பக்கத்துத் தாளில் ஒரு கோடு. நாலு கட்டுக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர். போனை மேஜை டிராயரில் வைத்தேன். பதினொன்றரை வரை ஈ வரவில்லை. அதற்கப்புறம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ராத்திரி அம்மாவிடம் “இன்னைக்குப் பன்னெண்டு கட்டு” என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, “அதுல கழிவு எத்தன?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றரை வருடத்தில் நான் போட்ட கட்டத்தில் எது சரி, எது தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. அது எந்த ஊரில் எந்தக் காருக்குப் போகிறது, போகிறதா என்றுகூடத் தெரியாது. டீம் லீடருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்று பதில் வந்தது.

வந்ததும் இங்கே எழுதுகிறேன்.